மணலும் பரலும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபொழுது, எதனை எழுதுவது என்னும் ஐயம் எமக்கு எழவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எம் நெஞ்சில் ஒரு கூடை கல் கிடக்கின்றது. அதனை இறக்கி வைப்பதற்குக் கல்லூரி அன்னையின் முற்றத்தினும் ஏற்ற இடம் வேறில்லை. அக்கல்லைப் பற்றிய முதற் பாடத்தை யாம் கற்றது இங்கேதான். அப்பாடத்தை அரைகுறையாக விளங்கிக்கொண்டு உலகிற்குப் புறப்பட்டதும் இங்கிருந்துதான்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு ஆறு என்பது பெரும்பாலும் புத்தகத்திற் காணும் பொருள். கிணறும் துலாவும் கேணியும் குளமும் யாம் அறிவோம். மாரியில் மாத்திரம் நீரோடி அராலிப் பக்கத்துக் கடலேரியிற் கலக்கும் வழுக்கையாற்றை ஆறென்று சொல்லிப் பெருமைப்படுவோமாயினும், கோடையில் அதன் நடுவே மாடு மேய்வதைக் கண்டவர்கள் அப்பெருமையை நெடுநேரம் நீட்டிக்க மாட்டார்கள். சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்த எம் நாட்டில் மழைநீர் பெரும்பாலும் நிலத்தினுள் இறங்கிவிடுகின்றது. மேலே ஓடுவதற்கு மிஞ்சுவது சிறிது.

ஆகவே, எம் பூமிசாத்திர ஆசிரியர் ஆற்றின் தொழிலை விளக்கப் புகுந்த அன்று, உயரமான கண்ணாடிச் சாடி ஒன்றை மேசைமேல் வைத்தார். அதனுட் சிறு பரற்கற்களையும், பருமணலையும், நுண்மணலையும், களிமண்ணையும் இட்டு, நீர் பெய்து, வாயைக் கையால் மூடிக் குலுக்கினார். பின் அசையாது வைத்தார். பரல் உடனே கீழே சென்றது, பருமணல் அதன்மேற் படிந்தது, நுண்மணல் அதன்மேல், களிமண்ணோ அன்று மாலைவரை நீரைக் கலக்கிக்கொண்டிருந்தது. "கண்டீர்களா? நீரின் வலி குறையக் குறையப் பெரியது முன்னே தங்கும், சிறியது பின்னே தங்கும். வலி கூடும்பொழுது சிறியது முன்னே எழும், பெரியது பின்னே எழும்" என்றார். யாம் அதனைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி அடிக்கோடும் இட்டுக்கொண்டோம்.

அப்பாடம் பொய்யன்று. சாடியினுள் ஒவ்வொரு துணிக்கையும் தனித்தனியே வீழ்ந்தது. தனித்து நிற்கும் மணலுக்கும் தனித்து நிற்கும் கல்லுக்கும் அவ்விதி பொருந்தும். ஆனால் ஆற்றுப் படுக்கையில் எத்துணிக்கையும் தனித்து நிற்பதில்லை. இச்சிறு வேறுபாட்டை யாம் உணர்வதற்கு முப்பது ஆண்டுகளும் ஓர் ஏழையின் வயலும் செலவாயின.

1973ஆம் ஆண்டில் யாம் இளம் பொறியியலாளராக மத்திய மலைநாட்டின் கீழைச் சரிவில் உத்தியோகம் பார்த்தோம். அங்கே மலையடிவாரத்தில் இறங்கி வரும் ஓடை ஒன்றின் குறுக்கே சிற்றணை ஒன்று கட்டி, வாய்க்கால் வழியாகச் சில வயல்களுக்கு நீர் விடும் வேலை எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓடையின் பெயரும், ஊரின் பெயரும், எம்மை வேலைக்கு அமர்த்திய இலாகாவின் பெயரும் ஈண்டு வேண்டியதில்லை. பிழை எம்முடையது.

அவ்வோடையின் படுக்கை பார்ப்பதற்கு இனியது. கைப்பிடியளவான கற்கள் ஒன்றோடொன்று நெருங்கி, பாவிய முற்றம்போற் கிடந்தன. ஒரு கல்லைப் பெயர்த்துப் பார்த்தால் அதன் கீழே மணலும் சிறு பரலுமாக நுண்ணிய பொருள் கலந்து கிடக்கும். மேற்படை பருத்தும் கீழ்ப்படை நுணுகியும் இருக்கும் இவ்வமைப்பை அறிஞர் கவசப் படை என்பர். ஓடும் நீர் மேலிருந்த மணலை எடுத்துச் செல்ல, எஞ்சிய கற்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கீழுள்ளதைக் காக்கின்றன.

அக்கற்கள் வெள்ளத்தில் அசையுமா என்பதை அறிதல் எமது கடமையாயிற்று. அமெரிக்க அறிஞர் வோல்மன் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட முறைப்படி, ஓடையில் நடந்து காலடியிற் பட்ட கற்கள் நூற்றை எடுத்து அளந்தோம். நடுத்தர அளவு 2 அங்குலம் ஆயிற்று. ஓடையின் சரிவு 200 அடிக்கு 1 அடி. ஆண்டுதோறும் வரும் வெள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 20 அங்குலம். 1936ஆம் ஆண்டிற் பேர்லினில் ஆராய்ச்சி செய்த ஷீல்ட்ஸ் என்பார் இத்தகைய கணக்கிற்கு ஒரு வழி வகுத்திருக்கிறார். நீர் படுக்கையை இழுக்கும் வலியை, நீரினுள் அக்கல்லுக்கு உள்ள நிறையோடு ஒப்பிட்டு ஓர் எண்ணைப் பெறல் வேண்டும். பருங்கற்களைப் பொறுத்தவரை அவ்வெண் ஏறத்தாழ 0.03க்கும் 0.06க்கும் இடையில் உள்ள ஓர் எல்லையைத் தாண்டும்பொழுது கல் புரளத் தொடங்கும். எவ்வளவு அசைவைத் தொடக்கம் எனக் கொள்வது என்பதில் அறிஞர் வேறுபடுவதால் எல்லையும் வேறுபடும். சுவிற்சர்லாந்தவரான மேயர்-பீற்றர், முல்லர் ஆகிய இருவர் 1948ஆம் ஆண்டிற் கொண்ட எல்லை 0.047. எமது ஓடைக்கு யாம் கணித்த எண் 0.030. கல் அசையாது என்று முடிவு கட்டினோம். சாடியிற் கற்ற பாடமும் அதற்குத் துணை நின்றது.

அணையின் அத்திவாரத்திற்கும் வண்டிப் பாதைக்குமாக மலைச் சரிவை வெட்டியபொழுது, உக்கிப்போன பாறையிலிருந்து பருமணல் மலைபோற் குவிந்தது. நூறு லொறிக்கு மேல் இருக்கும். ஒப்பந்தக்காரர் வந்து, "ஐயா, இதனை ஏற்றிக்கொண்டுபோய் வேறிடத்திற் கொட்டுவதானால் செலவு பெரிது. என்ன செய்வது?" என்று கேட்டார். யாம் சிந்திக்கவும் இல்லை. "ஓடையில் தள்ளிவிடுங்கள். மணல்தானே! முதல் வெள்ளத்தோடு போய்விடும், கல் இருந்த இடத்தில் இருக்கும்" என்றோம். செலவு மிச்சமாயிற்று. மேலிடத்தாரும் எம்மை மெச்சினர்.

அவ்வாண்டு மார்கழியில் ஓரிரவு வாடைக்காற்றோடு மழை கொட்டியது. விடியற்காலையில் யாம் சென்றபோது அணை நின்றது. ஆனால் அணைக்குக் கீழே பாவிய முற்றம் இல்லை. ஓடை திரும்பும் வளைவிலே கற்கள் வந்து குவிந்து படுக்கை மேடாகிவிட்டது. வழி அடைபட்ட நீர் கரையைத் தாண்டி, கரையோரத்து வயல் ஒன்றிற் பாய்ந்து, அரை ஏக்கர் வரையிலான இளம்பயிரின்மேல் ஓர் அடிக்கு மேற்பட்ட உயரத்திற்குக் கல்லைப் பரப்பியிருந்தது.

அவ்வயலுக்கு உரியவர் வரம்பின்மேல் நின்றார். வயது முதிர்ந்த சிங்கள விவசாயி. அவர் எம்மை ஏசவில்லை, அழவும் இல்லை. "மாத்தயா, நீங்கள் ஓடையில் விட்டது மணலையல்லவா? கல் எப்படி வந்தது?" என்று தம் மொழியிற் கேட்டார்.

அக்கேள்விக்கு எம்மிடம் விடையில்லை. விடையில்லாத உத்தியோகத்தர் சொல்லும் விடையை யாம் சொன்னோம். "வெள்ளம் மிகப் பெரிது" என்றோம். அவர் கரையில் நின்ற மருதமரத்தை ஒருமுறை பார்த்தார். பின் எம்மைப் பார்த்தார். ஒன்றும் பேசாது வயலுள் இறங்கினார்.

மேலிடத்துக்கு யாம் அனுப்பிய அறிக்கையில், 'அசாதாரண வெள்ளத்தினால் நேர்ந்த சேதம்' என்று எழுதினோம். அசாதாரண வெள்ளம் கடவுளின் செயல். கடவுளின் செயலுக்கு இலாகா பொறுப்பன்று. ஆகவே நட்டஈடு இல்லை. ஆனால் அணையருகே யாமே நாட்டிய அளவுப் பலகை வேறொன்று சொல்லிற்று. அவ்விரவின் நீர்மட்டம் முந்திய ஆண்டின் வெள்ளத்தினும் இரண்டு அங்குலமே மிகுதி. அதனை எமது குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தோம், அறிக்கையில் எழுதவில்லை. அடுத்த ஆண்டு மாற்றலாகிப் புறப்பட்ட அன்று, அம்முதியவரும் அவர் மனைவியும் கூடையிற் கல்லை அள்ளி வயலின் ஓரத்திற் கொண்டுபோய் அடுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டோம். வண்டியை நிறுத்த எமக்குத் துணிவு வரவில்லை.

ஆண்டுகள் சென்றன. நாடு வேறு வெள்ளங்களைக் கண்டது. யாம் ஊழியத்தினின்று ஓய்ந்தோம். 2003ஆம் ஆண்டில், பிறநாட்டிலே நீரியல் கற்பிக்கும் எம் கல்லூரியின் பிற்காலத்து மாணவர் ஒருவர், எமக்கு இத்துறையில் உள்ள விருப்பை அறிந்து, இரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தபாலில் அனுப்பியிருந்தார். ஒன்று 2001ஆம் ஆண்டிலும் மற்றையது அவ்வாண்டிலேயும் வெளிவந்தவை. பீற்றர் வில்கொக் என்னும் அமெரிக்கப் பேராசிரியரும் அவரோடு உழைத்தோரும் எழுதியவை; பிந்தியதில் அவரோடு சேர்ந்தவர் ஜோஆனா குரோ என்னும் அம்மையார்.

அவர்கள் செய்த பரிசோதனை சொல்வதற்கு எளிது; செய்வதற்கு மிகப் பொறுமை வேண்டும். நீரோடும் நீண்ட தொட்டி ஒன்றில் ஒரே வகையான பரலை இட்டு, அதனோடு மணலை வெவ்வேறு விகிதத்திற் கலந்து ஐந்து படுக்கைகள் அமைத்தார்கள். மணல் மிகக் குறைந்த கலவையில் நூற்றுக்கு 6 பங்கு. மிகக் கூடியதில் 34 பங்கு. துணிக்கைகளுக்கு அளவு வாரியாக வெவ்வேறு நிறந் தீட்டி, படுக்கையைப் புகைப்படம் எடுத்து, எந்நிறம் எவ்வளவு மேலே கிடக்கிறது என்று எண்ணும் முறையையும் கையாண்டார்கள். பின்னர் நீரைச் செலுத்தி, எவ்வளவு பரல் நகர்கின்றது என்று நிறுத்தார்கள்.

மணலைக் கூட்டினால் படுக்கையிற் பரலின் பங்கு குறைகின்றது. ஆகவே நகரும் பரலும் குறையவேண்டும் என்று சாடியிற் பாடங் கற்றவர் எவரும் எண்ணுவர். நடந்தது மறுதலை. நீரின் வலி ஒரே அளவாயிருக்க, மணல் கூடக்கூடப் பரல் பத்து மடங்குக்கும் மேலாக மிகுந்து நகர்ந்தது. மணல் தான் போவதோடு நிற்கவில்லை. கல்லையும் கூட்டிக்கொண்டு போயிற்று.

2003ஆம் ஆண்டுக் கட்டுரையில் அதனை ஓர் எண்ணாகவே தந்திருந்தார்கள். மேற்பரப்பில் மணல் இல்லாத படுக்கையில், பரல் குறித்த ஒரு சிறு வீதத்தில் நகரத் தொடங்குவதற்கான ஷீல்ட்ஸ் எண் 0.036. மேற்பரப்பில் மணல் ஐந்திலொரு பங்கானதும் அவ்வெண் ஏறத்தாழ 0.021 ஆக இறங்கிவிடுகின்றது.

யாம் எழுந்து சென்று, பெட்டியின் அடியிற் கிடந்த 1973ஆம் ஆண்டுக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தோம். அதில் எமது கையெழுத்தில் 0.030 என்றிருந்தது. மணல் இல்லாத ஓடையில் அவ்வெண் எல்லைக்குக் கீழே. மணல் நிறைந்த ஓடையில் எல்லைக்கு மேலே. எமது கணக்கு பிழையன்று. யாம் அக்கணக்கைச் செய்த ஓடை ஒன்று; மணலைத் தள்ளியபின் இருந்த ஓடை வேறொன்று. வெள்ளம் பெரிதாகவில்லை; கல்லைப் பூட்டியிருந்த பூட்டையே யாம் திறந்துவிட்டோம்.

இதன் காரணம் கூறுதும். கூழாங்கற்கள் நிறைந்த படுக்கையில் ஒவ்வொரு கல்லும் தன் கீழுள்ள கற்களின் இடைக்குழியில் அமர்ந்திருக்கிறது. அது புறப்படவேண்டுமானால் அக்குழியின் விளிம்பின்மேல் ஏறிப் புரளவேண்டும். மணல் வந்து அக்குழிகளை நிரப்பிவிட்டால் ஏறவேண்டிய விளிம்பு தாழ்ந்துபோகிறது. பல்லாங்குழிப் பலகையின் வெறுங் குழியிலே கழற்சிக்காய் ஒன்றை வைத்துப் பலகையைச் சற்றே சாய்த்தால் அது நிற்கும். குழியைப் புளியங்கொட்டையால் நிரப்பி அதன்மேல் வைத்தால் உருண்டுவிடும். மேலும், மணலின் பங்கு நூற்றுக்குப் பத்திலிருந்து முப்பது வரை ஏறும்பொழுது, கற்கள் ஒன்றையொன்று தொட்டுத் தாங்கிய நிலை மாறி, மணலிலே மிதப்பனபோல் ஆகின்றன. அண்டையிற் பற்றுவதற்குக் கல் இல்லை. படுக்கையும் மழமழப்பாகிவிடுவதால் அடியில் ஓடும் நீரின் வேகமும் கூடுகின்றது. இம்மூன்றும் ஒன்றுசேரக் கல் எளிதிற் புறப்படுகின்றது.

கலந்து வாழ்தலினால் சிறியவற்றின் இயல்பும் மாறுகின்றது. பெரிய கற்களின் இடையில் ஒதுங்கிய சிறுதுணிக்கை, அவற்றின் மறைவில் நின்று, தனித்திருந்தால் எழுந்திருக்கக்கூடிய நேரத்தில் எழாது அமர்ந்திருக்கும். சிறியவற்றின் நடுவே நிற்கும் பெருங்கல்லோ நீரின் முழு வலியையும் தன்மேல் ஏற்கும். எம் கல்லூரியிற் காலைக் கூட்டத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வரிசையில் தவறி வந்து நின்ற உயர்ந்த மாணவன்மீதே அதிபரின் கண் முதலில் விழும் என்பது எம்மோர்க்கு நினைவிருக்கும். மறைவதும் வெளிப்படுவதுமாகிய இவ்விரண்டும் சேர்ந்து, பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வேற்றுமையைப் பெரிதும் குறைத்துவிடுகின்றன. அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் ஓக் ஓடை என்னும் சிற்றாற்றில் மில்கவுஸ் என்பார், நகரும் கற்களைச் சுழல்நீர்ப் பொறி ஒன்றினால் ஓடைக்கு வெளியே வருவித்து அளந்தார். அவ்வளவுகளைக் கொண்டு பாக்கர் முதலிய அறிஞர் 1982ஆம் ஆண்டில், கவசம் உடைந்தபின் பல அளவுக் கற்களும் ஏறக்குறைய ஒரே வேளையிற் புறப்படுகின்றன என்று காட்டினார்கள். 'சிறியது முன்னே, பெரியது பின்னே' என்னும் எம் அடிக்கோடிட்ட வாக்கியம் அவ்வோடையில் செல்லவில்லை.

இவையெல்லாம் 1973இல் எவரும் அறியாதவை என்று சொல்லி யாம் தப்பிக்கொள்ளலாம். அதற்கும் வழியில்லை. 1914ஆம் ஆண்டிலேயே கில்பேட் என்னும் பேரறிஞர், கலிபோர்ணியாவிலுள்ள பேர்க்கிலி நகரில் மரத்தொட்டிகளில் நீர் விட்டுச் செய்த பரிசோதனைகளின் பயனாக, பருமையானதோடு நுண்ணியதைக் கலந்தால் பருமையானதும் மிகுதியாகச் செல்லும் என்று எழுதிவைத்திருந்தார். எமது வெள்ளத்திற்கு 59 ஆண்டுகள் முந்திய நூல் அது. தேடியிருந்தாற் கிடைத்திருக்கும்.

கில்பேட் அப்பரிசோதனைகளைச் செய்யப் புகுந்த காரணமும் எம்மைச் சுடுவதாயிருந்தது. கலிபோர்ணியாவின் சியரா நெவாடா மலையிலே, 1853ஆம் ஆண்டு முதலாகப் பொன் தேடுவோர் பெருங்குழாய்களால் நீரைப் பீச்சி மலைச் சரிவுகளைக் கரைத்தார்கள். பொன்னை எடுத்துக்கொண்டு மண்ணையும் மணலையும் பரலையும் ஆறுகளில் தள்ளினார்கள். அவ்வாறு தள்ளப்பட்டது நூறு கோடி கன மீற்றருக்கு மேல் என்று கில்பேட் கணித்தார். யூபா முதலிய ஆறுகளின் படுக்கை உயர்ந்தது. தாழ்நிலத்துக் கமக்காரரின் தோட்டங்கள் கல்லின் கீழே மறைந்தன. அங்கே நிலமுடையோர் ஒருவர் வழக்காடினார். 1884ஆம் ஆண்டில் நீதிபதி சோயர், அகழ்கழிவை ஆற்றில் விடலாகாது என்று தீர்ப்பளித்தார். யாம் அதனைப் படித்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். எமது முதியவருக்கு அத்தகைய நீதிமன்றம் ஒன்று இருக்கவில்லை. எமது அறிக்கையே அவருக்கு வாய்த்த தீர்ப்பு.

இவ்வறிவு அழிவை விளக்குவதற்கு மாத்திரம் அன்று, ஆக்கத்திற்கும் உதவுகின்றது என்பதனை ஒரு சான்றாற் காட்டுவோம். அதே கலிபோர்ணியாவில் திரினிற்றி என்னும் ஆறு உண்டு. 1960களின் தொடக்கத்தில் அதன் குறுக்கே இரண்டு அணைகள் எழுந்தன; முதற் சில பத்தாண்டுகளில், லூயிஸ்ரன் என்னுமிடத்தில் வந்த நீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரை வேறு பள்ளத்தாக்கிற்குத் திருப்பப்பட்டது. வெள்ளம் ஓய்ந்தது. ஆனால் அணைக்குக் கீழே வந்து சேரும் கிளையோடை ஒன்று உக்கிய கருங்கல்லின் மணலைத் தொடர்ந்து கொட்டிக்கொண்டே இருந்தது. சமன் என்னும் மீன் பரலைத் தோண்டி அதனுள்ளே முட்டை இடும். பரலின் இடைவெளியில் நீர் ஊடுருவினாற்றான் முட்டை உயிர்க்கும். மணல் அவ்விடைவெளிகளை அடைத்தது, மீன் குறைந்தது, அம்மீனை நம்பி வாழ்ந்த ஹூப்பா, யூரோக் என்னும் பழங்குடி மக்கள் இடருற்றனர்.

அணையைத் திறந்து வெள்ளம் விட்டு மணலைக் கழுவிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். மணல் நிறைந்த படுக்கையிற் கல்லும் எளிதிற் போய்விடும். போன கல்லுக்கு ஈடாக மேலிருந்து கல் வாராது, அணை மறித்துக்கொண்டிருக்கிறது. மணல் போகவேண்டும், கல் தங்கவேண்டும். எவ்வளவு நீரை, எத்தனை நாள் விடுவது என்பதை வில்கொக்கும் அவரோடு சேர்ந்தோரும் ஆற்றிலேயே நின்று ஆராய்ந்து 1996ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2000ஆம் ஆண்டு மார்கழியில், ஆண்டுதோறும் மழையின் அளவுக்கேற்ப ஆற்றுக்கு வெள்ளம் விடவும், குறைந்த பரலைக் கொண்டுவந்து கொட்டவும், மணலை வரும் வழியிலே தடுக்கவும் அந்நாட்டு அரசு தீர்மானித்தது. ஒரு நாடு தான் கட்டிய அணையின் கீழே லொறியிற் கல் ஏற்றிக்கொண்டுவந்து ஆற்றுக்குக் கொடுக்கின்றது. யாமோ மணலைக் கொடுத்துக் கல்லைப் பறித்தோம்.

அடுத்த ஆண்டு, 2004இல், பாதைகள் திறந்திருந்த காலம். யாம் அவ்வூருக்குச் சென்றோம். முதியவர் காலமாகிப் பல ஆண்டுகள் என்றார்கள். மகன் வயலில் நின்றார். அவருக்கும் நரை கண்டிருந்தது. வயல் மட்டமாய், பச்சையாய்க் கிடந்தது. அதன் ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் நீண்ட கல்லடுக்கு ஒன்று, கொடி படர்ந்து, மதில்போல் நின்றது. ஒவ்வொரு கல்லும் ஏறக்குறைய இரண்டு அங்குலம்.

எமக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னோம்: மணலைத் தள்ளச் சொன்னது யாம், வெள்ளம் பெரிதன்று, அறிக்கையில் யாம் எழுதியது உண்மையன்று, மணல் வந்ததனாலேயே கல் வந்தது. அவர் குறுக்கிடாது கேட்டார். பின்னர் எம்மை ஓடைக்கரைக்கு அழைத்துச் சென்று மருதமரத்தைக் காட்டினார். அதன் அடிமரத்தில் கத்தியால் இட்ட பழங்கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் இருந்தன. ஆண்டுதோறும் வெள்ளம் வடிந்தபின் அவர் தந்தையார் இட்ட அடையாளங்கள் அவை. அவ்வாண்டின் கீறல் வேறு பலவற்றிற்குத் தாழவே இருந்தது.

"வெள்ளம் பெரிது என்று நீங்கள் சொன்னதைத் தாத்தா நம்பவில்லை, மாத்தயா. ஆனால் கல் ஏன் வந்தது என்பதை அவராற் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைப்பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்" என்றார் மகன். சிங்கள மக்கள் தந்தையைத் தாத்தா என்பர். எம்மிடம் அளவுப் பலகை இருந்ததுபோல அவரிடம் மருதமரம் இருந்தது. இருவரும் ஒரே உண்மையை அறிந்திருந்தோம். அவர் அதனை மறைக்கவில்லை என்பதே வேறுபாடு.

சற்றுப் பொறுத்து அவர் மீண்டும் கேட்டார்: "இப்பொழுது மேலே லொறி கொண்டுவந்து மணல் அள்ளுகிறார்கள். அதனாலும் கல் வருமா?"

தந்தையின் கேள்விக்கு முப்பது ஆண்டுகள் பிந்திய யாம், மகனின் கேள்விக்கு அங்கேயே விடை கூறினோம். மணலைக் கூட்டினால் நேரும் கேடு ஒன்று. அளவின்றி அகழ்ந்தால் நேரும் கேடு வேறொன்று. அகழ்ந்த குழியை நிரப்ப மேலிருந்து வரும் மணல் அங்கே தங்கிவிடும், பட்டினி கிடக்கும் நீர் கீழே படுக்கையைத் தோண்டும், கரை சரியும், பாலங்களின் காலும் தாம்போதிகளின் அடியும் வெளிப்படும், அயற் கிணறுகளின் நீர் இறங்கும். களனி கங்கையில் மணல் மிகையாக அகழப்பட்டுப் படுக்கை தாழ்ந்தமையால், வறட்சிக் காலத்தில் கடலின் உவர்நீர், கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தளை வரை ஏறும் இடர் நேர்ந்தது. 1992ஆம் ஆண்டின் சுரங்க, கனிப்பொருட் சட்டத்தின்படி மணல் அகழ அனுமதிப் பத்திரம் வேண்டும். பத்திரம் இல்லாத லொறிகள் இரவில் ஓடுவதை வடக்கிலும் தெற்கிலும் மக்கள் அறிவர்.

ஊர் திரும்பிய கிழமையே, எம் பழைய இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதினோம். இன்ன ஆண்டின் இன்ன அறிக்கையில் 'அசாதாரண வெள்ளம்' என்றது பிழை; அளவுப் பலகையின் கணக்கு இது; மணலை ஓடையில் விடுவித்தவர் இதன்கீழ்க் கையொப்பமிட்டவர் என்று எழுதி, பழைய கோவையிற் சேர்க்குமாறு வேண்டினோம். விடை வரவில்லை. அப்பழைய கோவை இருக்கின்றதோ, கறையான் தின்றதோ அறியோம். எழுதியது எழுதியதே. கடிதத்தின் படியொன்று அம்மகனிடம் இருக்கிறது.

இனி, கல்லூரி மாணவர்க்கு ஒரு சொல். அக்கண்ணாடிச் சாடியை எறிந்துவிடவேண்டாம். அது கற்பிப்பது உண்மை. அதனருகே இன்னொரு கருவியையும் வையுங்கள். ஆறு அடி நீளமான மரத்தொட்டி ஒன்று செய்து, சற்றுச் சாய்த்து வைத்து, அதிற் சிறுபரலைப் பரப்புங்கள். குழாயை மெல்லத் திறந்து, கற்கள் அசையப் போகும், ஆனால் அசையாத ஓர் அளவில் நிறுத்துங்கள். பின், நீரைக் கூட்டாது, மேல்முனையில் மணலைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவுங்கள். சிறிது நேரத்தில் கற்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படுவதைக் காண்பீர்கள். அதனை ஒருமுறை கண்ட பிள்ளை, யாம் செய்த பிழையைச் செய்யாது.

அத்தொட்டியை எமது செலவிற் செய்வித்துக் கல்லூரியின் ஆய்வுகூடத்திற்கு இவ்விழாக் காணிக்கையாக அனுப்புகின்றோம். அதில் இடுவதற்குரிய பரலும் ஒரு சாக்கில் வரும். அம்மதிலிலிருந்து எடுத்துக்கொள்ள மகன் இசைவு தந்த கற்களும் அவற்றுட் சில. அவை தொட்டிக்குப் பெரியன. ஓடவேண்டாம், மேசைமேல் இருக்கட்டும். கல் எப்படி வந்தது என்று கேட்கும் மாணவனுக்கு, ஆசிரியர் பெருமக்கள் உண்மையைச் சொல்வார்களாக.

கல்லூரி அன்னை நீடு வாழ்க!